நோயாளியைப் பார்த்துக் கேள்

"நோயாளியைப் பார்த்துக் கேளும்மா! இங்க என்ன படமா ஓடுது?"

நர்சிங் கல்லூரி ஆசிரியை போட்ட சத்தத்தில், கட்டிலில் படுத்திருந்த லாரி டிரைவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மாணவி "சரிங்க மேடம்" என்று கட்டில் பக்கம் திரும்பினாள். திரும்பிய வேகத்திலேயே அவள் கண் மறுபடி எங்கேயோ போனது.

இறுதியாண்டு செய்முறைத் தேர்வு. வார்டில் இருக்கும் ஒரு நோயாளியைக் கொடுத்துவிடுவார்கள். பார்த்து, தொட்டு, கேட்டு, என்ன சிக்கல், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று யோசித்து, கடைசியில் டியூட்டி டாக்டருக்கு ஃபோனில் சொல்ல வேண்டும். இந்த மாணவி போன தடவை இதே தேர்வில், இதே ஆசிரியையிடம் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் விட்டால் ஒரு வருடம் வீண். அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் கைநழுவிப் போகும்.

ஆசிரியைக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் 'சிவப்பு மை'. அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தேர்வில் அவருக்கு ஒரு கண்டிப்பான விதி. "நான் இந்த ரூம்லயே இல்லைன்னு நினைச்சுக்கோ. என்கிட்ட பேசக் கூடாது, என் முகத்தைப் பார்த்து விடை தேடக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். இவளிடமும் சொல்லியிருந்தார். இவள் காதில் ஏறினால்தானே!

"காலையில சாப்பிட்டீங்களா?" என்றாள் மாணவி.

"ஆச்சும்மா, வயிறு முட்ட" என்றார் டிரைவர்.

"நிஜமாவே சாப்பிட்டீங்களா? அவசரத்துல மாத்திரையை மட்டும் போட்டுக்கிட்டுக் கிளம்பி வந்துடலையே?"

"நான் எங்கம்மா கிளம்பறது? ஒரு வாரமா இங்கயேதானே கிடக்கேன்!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி எப்போது சேர்ந்தார் என்பதைக்கூடப் பார்க்காமல் ஒரு கேள்வியா? தேர்வை முன்கூட்டியே வைத்துவிட்டார்களே என்று விடியற்காலையில் விழுந்தடித்து ஓடி வந்தது இந்தக் கூத்தைப் பார்க்கத்தானா? நாற்காலியில் உட்கார்ந்தார். இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். புழுக்கம் அடங்குவதாக இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கைக்குட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"இவருக்கு என்ன கம்ப்ளெயின்ட்?"

"மூச்சுத் திணறல் மேடம். மருந்து கொடுத்த பிறகு குறைஞ்சிருக்கு."

மாணவி டிரைவரின் நாடியைப் பிடித்தாள். நல்லவேளை, அதையாவது ஒழுங்காக எண்ணினாள். மூச்சையும் எண்ணி எழுதினாள். எழுதி முடித்ததும் தலை நிமிர்ந்து, விதியை மீறி, ஆசிரியையின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என் மூஞ்சியில விடை எழுதியிருக்கா? இவருக்கு என்ன கம்ப்ளெயின்ட்? கேட்டா பதில் சொல்லத் தெரியாதா?"

"இப்பதான் சொன்னேன் மேடம்..."

"எதிர்த்து வேற பேசறியா?"

டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. "மேடம், பாப்பா நல்லாத்தான் பாக்குது. என்னால அது ஃபெயிலாயிடக் கூடாது. வேணும்னா நான் கொஞ்சம் இழுத்து இழுத்து மூச்சு விடட்டுமா?"

"நீங்க சும்மா இருங்க!"

இத்தனை கடுப்பு தனக்கே ஆகாது என்று ஆசிரியைக்குத் தோன்றியது. தோன்றியதும் கடுப்பு இன்னும் ஏறியது. கவனம் ஓரிடத்தில் நிற்காதவள் கையில் ஓர் உயிரை எப்படி நம்பிக் கொடுப்பது? மதிப்பெண் தாளில் பூஜ்யம் போட்டார். ஆத்திரத்தில் கை நடுங்கி, பூஜ்யம் கட்டத்தைத் தாண்டி ஓடியது.

"போதும். டாக்டருக்கு ரிப்போர்ட் பண்ணு. இதோட முடிச்சுக்கலாம்."

தேர்வில் யாரும் நிஜமாக டாக்டரைக் கூப்பிடுவதில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, பேசுவதுபோல் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். இவள் எண்களை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிப்பது கேட்டது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து மேசையில் இருந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றி, குளுக்கோஸ் பொடியைத் தாராளமாகக் கொட்டிக் கலக்கவும் ஆரம்பித்தாள்.

"மூச்சுத் திணறலுக்குக் குளுக்கோஸா? யாரு சொல்லிக் கொடுத்தது?" என்று ஆசிரியை கத்தினார். குரல் ஏனோ கத்தல் அளவுக்கு எழவில்லை, வார்த்தைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"டாக்டர், ஆண்கள் வார்டுலேருந்து பேசறேன்" என்றாள் மாணவி. அவள் குரலில் இப்போது தடுமாற்றமே இல்லை. "பேஷன்ட் பெண். ஐம்பது வயசு இருக்கும்."

"பெண்ணா! கட்டில்ல மீசையோட ஒருத்தர் கிடக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்தார். தாளின் குறுக்கே 'தோல்வி' என்று எழுத நினைத்தார். முதல் எழுத்தே கோணிக்கொண்டு போனது.

"சர்க்கரைக்கு மாத்திரை போடறவங்க, அது எங்க காலேஜுக்கே தெரியும். காலையில சாப்பிடலைன்னு நினைக்கிறேன். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, ஒரு இடத்துல உட்கார முடியல, கேட்டதையே திரும்பக் கேக்கறாங்க, தொட்டதுக்கெல்லாம் கோபம் வருது. இப்ப பேச்சும் குழறுது. சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு டாக்டர், உடனே வாங்க."

ரிசீவரைப் போட்டுவிட்டு மாணவி டம்ளரோடு டிரைவரைத் தாண்டி ஓடி வந்து, சரியத் தொடங்கிய ஆசிரியையைத் தோளோடு தாங்கிப் பிடித்தாள்.

"இதை முதல்ல குடிங்க மேடம். அப்புறமா என்னை ஃபெயில் ஆக்கிக்கலாம்."