இன்னும் ஒருத்தன் பாக்கி

“திரும்பவும் ஒப்பரேஷன் நாள் தள்ளிப்போயிட்டா? இதோட மூணாவது தடவையா?”

அஸீஸா அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

புருசன் முத்தலிபு ஃபோனை மடியில் வைத்துவிட்டு, கதிரையில் நீட்டியிருந்த வலது காலைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓம். நாளைக்கு வார்ட்டுக்கு வர வேணாம். அடுத்த மாசம்தான். என்ட காலுக்கு மவுசு குறைஞ்சு போச்சு, அஸீஸா.”

“பல்லக் காட்டாதீங்க! எனக்கு வயிறு பத்தி எரியிது.”

குதிகாலில் இருந்தது அந்தக் கறுப்புப் புள்ளி. வெங்காயத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்ததால் வந்த கால் ஆணி என்றுதான் அவர் முதலில் எருக்கம்பால் வைத்துப் பார்த்தார். கடைசியில் தோல் புற்றுநோய் என்றார் டொக்டர். இப்போதே வெட்டினால் ஒரு துண்டு சதை, பிந்தினால் கால், இன்னும் பிந்தினால் ஆள் என்றும் சொல்லியிருந்தார்.

“தலையில வரல்லையே எண்டு சந்தோசப்படு,” என்றார் முத்தலிபு. “அங்கயும் போய்ப் பாத்திருக்கும். உள்ள ஒண்டும் இல்ல எண்டு காலுக்கு இறங்கிட்டு.”

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். ஒருவர் ஒப்பரேஷனுக்குப் போகிறார் என்றால் சொந்தமும் அயலும் முன்கூட்டியே வந்து மாப்புக் கேட்டுவிட வேண்டும். ஆள் திரும்பி வராவிட்டால் பிறகு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

முதல் தடவை நாள் குறித்தபோது சபூரா மாமி வந்து, நாற்றுப் பாத்தியை மேய்ந்தது தன் ஆடுதான் என்று மூக்கைச் சிந்தினாள். அடுத்த தடவை கருவாட்டு வாடி பேதுருகூட வந்துவிட்டான். தோட்டத்து இளநீரெல்லாம் தன் வயிற்றுக்குள்தான் போனது என்று, பாதருக்குச் சொல்லுமுன் இவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போனான்.

“இவ்வளவு களவெடுக்க என்னட்ட இருந்திருக்கே! நான் பணக்காரனா இருந்தது எனக்கே தெரியாமப் போச்சு,” என்று முத்தலிபு எல்லோரையும் மன்னித்தார்.

அதற்குப் பிறகு நாள் தள்ளிப்போகும். பேதுரு இவரைச் சந்தியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான்.

வராதவன் ஒருத்தன்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி ஹயாத்து முகம்மது. பொதுக் கிணற்றில் யார் முதலில் தண்ணீர் இறைப்பது என்று வந்த கோபம்.

“நாட்டுச் சண்டை முடிஞ்ச வருசம் எங்கட சண்டை தொடங்கிச்சு,” என்பார் முத்தலிபு. “ரெண்டு பாத்தி வெங்காயத்துக்கு ஒரு தம்பியக் குடுத்தவன் நான். எனக்கு யாவாரம் சரிவராது எண்டு வாப்பா அப்பவே சொன்னார்.”

“அப்ப நீங்க போய்க் கதைங்களேன்.”

“சின்னவன்தானே வரணும்?” முத்தலிபுவின் கண் வேலிப் பக்கம் போய்வந்தது.

“அது கல்லு நெஞ்சு. மூணு தடவ நாள் வச்சும் எட்டிப் பாக்கல்ல!” அஸீஸா முற்றத்தில் இறங்கி, வேலிக்கு அப்பால் கேட்கும்படி கத்தினாள். “ஏழைட கால் எண்டா ஆஸ்பத்திரில இப்பிடித்தான் தள்ளித் தள்ளிப் போடுவாங்க! போய்க் கேக்க எங்களுக்கு ஆர் இருக்கா?”

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஹயாத்து முகம்மது இறங்கினான். நானா என்று அழைக்கும் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை.

“மதினி, நானாவ ஏறச் சொல்லுங்க. எந்தப் பெரிய ஆள் நாளத் தள்ளிப்போடுறான் எண்டு நான் பாக்கிறேன்.”

“அடுத்த மாசம்தானே தம்பி...” முத்தலிபுவுக்கு முதல் தடவையாகப் பகிடி வரவில்லை. “அவங்களோட எதுக்கு வீண் சண்டை...”

தம்பி வெங்காய மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கி வேனுக்குள் வைத்தான். அஸீஸாவும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவன் போட்ட சத்தத்தில் வார்ட்டே திரும்பிப் பார்த்தது. “மூணு தடவ! ஒரு மனுசன்ட உசிரு உங்களுக்கு விளையாட்டா?”

தாதி நிமிர்ந்தாள். தம்பியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி நின்ற முத்தலிபுவைக் கண்டாள்.

“அனே, நாங்களா? மூணு தரமும் ஃபோன் எடுத்து வேற நாள் கேட்டது இந்த ஐயாதானே! தம்பி இன்னும் வந்து மாப்புக் கேக்கல்லையாம், அவர் வராம இவர் வரமாட்டாராம். நல்ல காலம், நோய் இன்னும் பரவல்ல. இவர்ட கட்டில இன்னும் ஆருக்கும் குடுக்கல்ல. நாளைக்குக் காலையில வெட்டலாம். போய்ப் படுக்கச் சொல்லுங்க.”

அஸீஸா அப்படியே பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் சொன்னேனே, தலைக்குள்ள ஒண்டும் இல்ல எண்டு,” முத்தலிபு கட்டிலில் ஏறிக்கொண்டே முனகினார். பிறகு தம்பியின் கையைப் பிடித்தார். “வந்துட்டாய்தானே. இப்பயாவது கேளுடா. நிம்மதியாப் போவேன்.”

“கேக்கமாட்டேன்!” ஹயாத்து முகம்மது விம்மி விம்மி அழுதான். “மாப்புக் கேட்டா நீங்க மௌத்தாப் போயிருவீங்க எண்டு பயந்துதானே நானா, நீங்க வெட்டிட்டு உசிரோட வீட்டுக்கு வரட்டும் எண்டு நானும் இவ்வளவு நாளாக் காத்துட்டு இருந்தேன்!”