மணிக்கு நூற்றைம்பது மைல்

"ரேஸ் வண்டி வேண்டாம் சார். சொகுசு வண்டியே எடுங்க" என்றது டெலிபோன்.

பஞ்சு திடுக்கிட்டார். இரண்டு வருஷமாக ரேஸ் வண்டிக்கே ஓட்டுப் போட்டுவந்த குரல் அது. மாதுங்கா இரானி ஹோட்டலின் கல்லாவில் சாய்ந்து, ரிசீவரைக் காதுக்குள் திணித்துக்கொண்டார். அங்கே கப்பும் சாசரும் மோதுகிற சத்தத்தில், பக்கத்தில் குண்டு விழுந்தால்கூடப் பில் வந்த பிறகுதான் தெரியும்.

"என்ன திடீர்னு? ரெண்டும் ஒரே வண்டின்னு நீங்கதானே சொன்னேள்?"

"வண்டி ஒண்ணுதான் சார். சொகுசுல உடம்பு இரும்பு, ஜன்னல் கண்ணாடி, சீட்டு தோலு. ரேஸுல உடம்பு அலுமினியம், ஜன்னல் பிளாஸ்டிக். கம்பளம் கிடையாது, பம்பர் கிடையாது. சட்டைப்பையில பேனா வச்சிருந்தாக்கூட வெயிட்டுன்னு பிடுங்கிருவான்."

"அதனாலதானே அந்த வேகம்?"

"வேகம்தான். ஆனா பக்கத்து சீட்டையும்லா பிடுங்கிட்டான்."

"அது இருந்தா மட்டும் யார் உக்காரப்போறா?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

பஞ்சு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஸ்டெனோ. ஐம்பத்து மூன்று வயது, மெஸ்ஸில் ஒற்றைக் கட்டில். வாரம் முழுக்க அடுத்தவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவருக்கு, தான் சொல்லிக் கேட்க ஒரு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடும்.

அப்படி ஒரு ஞாயிறன்று, பழைய பத்திரிகை ஒன்றில் அந்த இத்தாலிக் காரின் படத்தையும், கீழே விளம்பரத்தில் ஒரு ஷோரூமின் நம்பரையும் பார்த்தார். விளையாட்டாகச் சுழற்றினார். இவர் இங்கிலீஷில் ஆரம்பிக்க, அந்தப் பக்கம் ஹிந்தியில் பதில் வந்தது. இரண்டு பேர் ஹிந்தியும் ஒரே இடத்தில் நொண்டியதில், இருவரும் தமிழர்கள் என்று தெரிந்துபோயிற்று. அந்தக் குரலின் பெயர் பூலோகம், தாராவியில் ஜாகை. அன்று முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பேச்சு.

அபாரமான ஷோரூம் அது. ஞாயிறு, தீபாவளி என்று ஒரு நாள் மூடியதில்லை. முதல் மணியிலேயே போனை எடுத்து, எத்தனை மணிக்குக் கொண்டு வருகிறீர்கள் என்று தணிந்த ஹிந்தியில் கேட்பார் பூலோகம். சர்வீசுக்குக் கார் விடுகிற பெரிய மனிதர்களிடம் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் என்று பஞ்சு நினைத்துக்கொள்வார். நேரில் வந்து பாருங்கள் என்று மட்டும் ஒரு தரமும் கூப்பிட்டதில்லை. பஞ்சுவுக்கு அதுதான் பெரிய நிம்மதி.

"சேட், காடி கப் ஆயேகா?" என்று மேஜையைத் துடைத்தபடி கேட்டார் வெயிட்டர் மன்சூர் அலி. பஞ்சுவின் கார் எப்போது வரும் என்பதுதான் அந்த ஹோட்டலின் இரண்டு வருஷக் கவலை. கப்பல் ஏடனைத் தாண்டிவிட்டதாக ஒரு கட்சி, இன்னும் தாண்டவில்லை என்று ஒரு கட்சி.

பஞ்சு அசடு வழியச் சிரித்துவிட்டுத் திரும்பினார். டெலிபோன் மறுபடி பேசியது.

"உங்க போனுக்காகத்தான் சார் ஞாயித்துக்கிழம லீவு போடாம வாறேன்."

பஞ்சுவுக்குச் சுருக்கென்றது. இல்லாத வியாபாரத்துக்கு ஒரு மனிதன் லீவைத் தொலைக்கிறான். உண்மையைச் சொன்னால் இந்தப் பேச்சும் இன்றோடு போய்விடும். சொல்லாவிட்டால் அதைவிட மோசம்.

"பூலோகம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்கோ. நான் எந்த வண்டியும் வாங்கப் போறதில்லே. எங்கிட்ட சைக்கிள்கூடக் கிடையாது. பேசறதுக்கு ஆள் இல்லே, அதான்."

போனை வைக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

"அது தெரியும் சார்."

"தெரியுமா?"

"வாரா வாரம் பஸ் கண்டக்டர் கூட சண்டன்னு சொல்லுவீங்கள்லா. இந்தக் கார வாங்குறவருக்குக் கண்டக்டர் கூட என்ன சோலி?"

பஞ்சு ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்லிருதேன் சார். அந்த வண்டிய நானும் கண்ணால பாத்ததில்ல. மொத நாளு நீங்க கேட்டதுல எனக்கு ஒரு எழவும் வெளங்கல. பொறவுதான் பழைய புஸ்தகக் கடையில கார் புஸ்தகமாத் தேடி வாங்கி, டிக்சனரிய வச்சுப் படிச்சேன்."

"எனக்காகவா?"

"இங்க போன் பண்ணுறவங்க ஒரு தடவைக்கு மேல பேசுறதில்ல சார். நீங்கதான் ரெண்டு வருசமா பேசுதீங்க. நீங்க நிறுத்திட்டா இந்தப் போன்ல எனக்குன்னு யாரு பேசுவா?"

பஞ்சு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு வண்டி விஷயத்தில் ஒரு முடிவு பிறந்தது.

"அப்ப பக்கத்து சீட் இருக்கற வண்டியையே எடுத்துக்கலாம். ஷோரூம் அட்ரஸைச் சொல்லுங்கோ. சேர்ந்து ஒரு டீ குடிக்கலாம். டாக்ஸி பிடிச்சு, மணிக்கு நூத்தைம்பது மைல்ல இப்பவே வந்துடறேன்."

அந்தப் பக்கம் பூலோகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெதுவாவே வாங்க சார். அந்த ஷோரூம் நம்பரு எப்பவோ கைமாறிட்டு. இது சுடுகாட்டு ஆபீஸு."