யார் வேணும்னாலும் இயக்கலாம்

“எல்லாச் சாவியும் ஒரே ஆளுகிட்ட இருந்தா எப்பிடி சார்? அவரு லீவு போட்டா கம்பெனியே லீவு போட வேண்டியதுதான்.”

ஆனந்தராஜ் காதில் விழட்டும் என்றேதான் இளமதி முதலாளியிடம் சத்தமாகச் சொன்னாள்.

விருத்தாசலம் கடைவீதியில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ராஜவேலின் கம்பெனி. ஊரிலிருக்கும் பீங்கான் கம்பெனிகள், கல்யாண மண்டபங்கள், ஸ்கூல்கள் என்று எத்தனையோ பேருடைய வெப்சைட்டுகளையும் மெயில்களையும் ஒரே சர்வர் கம்ப்யூட்டரில் வைத்து நடத்திக்கொண்டிருந்தார். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவன் ஆனந்தராஜ். கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ தட்டுவான், வேலை நடந்துவிடும். என்ன தட்டினான் என்று முதலாளிக்கும் புரியாது, புதிதாகச் சேர்ந்த இளமதிக்கும் புரியாது.

வெப்சைட்டுகள் பெருகவே, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க கன்ட்ரோல் பேனல் என்கிற சாஃப்ட்வேர் ஒன்று வாங்கிவிடலாம் என்றார் ராஜவேல். எந்தப் பேனல் என்பதில்தான் தகராறு.

இளமதி சொன்னது, படத்தைப் பார்த்து அழுத்தினாலே வேலை முடிகிற பேனல். மெயில் ஐடி திறக்க ஒரு பட்டன், பாஸ்வேர்டு மாற்ற ஒரு பட்டன் என்று எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

“சர்வர் ஒழுங்கா ஓடுதா, எடம் இருக்குதான்னு காட்டுற சாதாரணப் பேனல் போதும் சார்” என்றான் ஆனந்தராஜ். “இவ்ளோ சுலபமானது நமக்கு வாணாம். ஆபத்துங்க.”

“யாருக்குண்ணே ஆபத்து? உங்க வேலைக்கா?”

ராஜவேல் வாய்விட்டுச் சிரித்தார். ஆனந்தராஜ் முகம் சுண்டிப்போனது. எழுந்து போய்விட்டான்.

இளமதி அந்தப் பேனலை முதலாளிக்கு ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டினாள்.

“இதையெல்லாம் நானே பண்ணலாமா?”

“யாரு வேணும்னாலும் பண்ணலாம் சார். உங்க லாகின்லேருந்தே எந்த வெப்சைட்டுக்குள்ளயும் மெயிலுக்குள்ளயும் போகலாம். கஸ்டமரோட பாஸ்வேர்டுகூட வாணாம்.”

“ஆனந்தராஜு இல்லாமலே?”

“அவரு எதுக்கு சார்?”

சொன்ன பிறகு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் தான் சொன்னதில் பொய்யில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

புதுப் பேனலுக்கு எல்லா வெப்சைட்டையும் மாற்றிக் கொடுத்ததும் ஆனந்தராஜ்தான். ஒன்றுகூடப் பழுதாகவில்லை. வேலை முடிந்ததும், “இனிமே நீ வேற எடம் பார்த்துக்கப்பா” என்றுவிட்டார் ராஜவேல். “சம்பளம் வாங்கிக்கிட்டு மொதலாளியையே கட்டிப்போடப் பார்த்தவன்” என்று போன பிறகும் திட்டினார்.

போகும்போது அவன் இளமதியிடம், “பார்த்து இருந்துக்கம்மா” என்று மட்டும் சொன்னான். அது அவளுக்கு மிரட்டலாகத்தான் பட்டது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோதும் பெரிதாக வருத்தப்படவில்லை. அவன் நாற்காலி இப்போது அவளுடையது.

கார்த்திகை நெருங்கும் சமயம். நீலாவதி வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தாள். ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் நாலைந்து பெண்களை வைத்து பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்கிறவள். அவள் வெப்சைட்டும் இவர்களிடம்தான் இருக்கிறது.

“ஏம்மா, என் மெயிலு எனக்கு மட்டுந்தான வருது?”

“ஏங்க்கா அப்பிடிக் கேக்குறீங்க?”

“மஸ்கட்லேருந்து ஒருத்தரு வெலை கேட்டு எழுதுறாரு. நான் பதில் போடுறதுக்குள்ள சுப்புராயன் கம்பெனிக்காரன் அதே சாமானுக்குக் கொறைச்சி வெலை அனுப்பிடுறான். ஒருவாட்டின்னா போனாப் போவுதுன்னு வுட்டுடலாம். சிங்கப்பூரு, துபாயின்னு எல்லா ஆர்டரும் இப்பிடியே போவுது. இன்னிக்குப் பொம்பளைங்கள வேலைக்கு வராதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

சுப்புராயன், ராஜவேலின் மச்சான்.

இளமதி பேனலைத் திறந்தாள். நீலாவதிக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் ஒரு நகலாகச் சுப்புராயன் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருந்தது. வேறொரு பீங்கான் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். அங்கேயும் அதே. அடுத்ததிலும் அதே.

உள் அறையில் ராஜவேல் யாருடனோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, எதனா தெரியுதா?”

“இருங்கக்கா, வரேன்.”

கீழே இறங்கி, பஸ் இரைச்சலுக்கு நடுவே ஆனந்தராஜுக்குப் போன் போட்டாள். பேனலில் பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

“நீங்க இருந்தப்பவே இது நடந்துச்சாண்ணே?”

“இல்லம்மா. ஆனா இப்பிடி நகல் அனுப்பச் சொல்லி மொதலாளி ரெண்டு வருஷமா எங்கிட்டக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. உங்களை நான் என்னென்ன பேசிட்டேன்!”

“வூட்டுல ரெண்டு புள்ளைங்க. மொதலாளிய எதுத்துப் பேச தைரியம் இல்லம்மா எனக்கு. மாட்டேன்னு சொன்னா வேற ஆள வச்சிப் பண்ணிக்குவாரு. அதான், நம்ம சர்வர்ல அது முடியவே முடியாதுங்கன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிக்கிட்டிருந்தேன். அவரும் நம்பிட்டாரு.”

அவன் குரலில் கோபமே இல்லை.

“முடியும்னு அவருக்குச் செஞ்சி காட்டினது நீதாம்மா.”