சின்னவளின் விலாசம்

"சின்னவ வீட்டு விலாசத்தை மட்டும் சொல்லும்மா. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றார், பத்திரிகைக்கு அச்சுப்பிழை திருத்தும் மெய்ப்புக்காரம்மா.

அவள் திகைத்தாள். சின்னவளுக்கு ஏது விலாசம்? திருச்சபையின் மாதப் பத்திரிகையில் அவள் எழுதிவரும் தொடர்கதையின் நாயகி அல்லவா சின்னவள்? புருஷனிடம் அடிபட்டு, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் முழங்காலில் நின்று அழுகிற பெண்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ஜெபக்குழுவிலிருந்து வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள். இன்று ஒன்பது பெண்கள் வந்து முன்னறையை நிறைத்திருந்தார்கள். நடுவில் நாற்காலி போட்டு அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான், சிரித்த முகமாக. விருந்தாளிகள் முன்னால் அவன் தங்கக் கம்பி.

ஐந்து மாதமாகச் சின்னவளுக்காக வெள்ளிக்கிழமைதோறும் முறை வைத்து உபவாசம் இருக்கிறார்களாம். ஜெப அட்டையில் சின்னவள் பெயர்தான் முதலில் இருக்கிறதாம். அவர்களில் ஒருவரான தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து கோயில்ல வாயை மட்டும்தான் அசைச்சிட்டிருந்தேன். பன்னெண்டு வருஷம். அந்தப் பொண்ணுக்காகத்தான் மறுபடி முழங்கால் போட்டேன்."

அவளுக்குக் கூசியது. சின்னவளின் ஜெபங்களை அவள் ஊருக்காகத்தான் எழுதினாள். அவளுடைய சொந்த ஜெபங்கள் சமையலறைக் கூரையைத் தாண்டியதில்லை. அனுப்புவதை நிறுத்தியே வெகுகாலம் ஆகியிருந்தது.

"அது கதைங்க. எல்லாம் கற்பனை" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இந்த மனுஷிக்கு என்ன ஆயிற்று என்று மெய்ப்புக்காரம்மாவைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு காற்புள்ளி அவர் கண்ணுக்குத் தப்பாது. 'தொடர்கதை' என்று கட்டைவிரல் பருமனில் அச்சாகியிருப்பதை நம்பாமல், யாரோ தன் வாழ்க்கையைப் பற்றிக் கொடுத்த சாட்சி என்று எடுத்துக்கொண்டாரே.

புருஷன் சிரித்தான். "கதைக்குக் காலே கிடையாதும்பாங்க, நீங்க விலாசம் கேக்கறீங்க. இவ உட்கார்ந்த இடத்துல பத்துப் பேரைக் கொன்னு எழுப்புவா."

அவள் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவன் படித்ததில்லை. அது ஒன்றுதான் அவளுக்குப் பாதுகாப்பு. இத்தனை மாதமும் அந்தப் பத்திரிகை இதே வீட்டில் கிடந்தது, அவள் மடியில் கட்டிய நெருப்பாக.

"நீங்க படிச்சதில்லையா தம்பி?" தையல்காரம்மா முன்னால் சாய்ந்தார். "சின்னவ புருஷன் கையை ஓங்கறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டி மேஜை மேல வைப்பான். கண்ணாடியில கீறல் விழுந்திடக் கூடாதாம்."

அவன் விரல் கைக்கடிகாரத்தின் வாரில் நின்றது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு, "கொடுங்க, அப்படி என்னதான் எழுதியிருக்கான்னு பார்ப்போம்" என்று கையை நீட்டினான்.

மெய்ப்புக்காரம்மாவே பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார்.

அவன் பிரித்துப் படித்தான். அவன் கண் நகர நகர, எந்த வரியில் இருக்கிறான் என்று அவளால் சொல்ல முடிந்தது. சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் போட்ட தாழ்ப்பாள். வேனிற்காலத்திலும் மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கைக் கை. கோபம் ஏற ஏறத் தணிந்துகொண்டே போகும் அவன் குரல்.

படித்து முடித்துப் பத்திரிகையை மடித்தான். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் அழுத்தி மடித்தான். அந்த ஒழுங்கு எதற்கு முன்னால் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றான் தணிந்த குரலில். "இவங்க கிளம்பட்டும். அப்புறம் நாம பேசலாம்."

இவர்களை எப்படி நிறுத்தி வைப்பது? தேநீர் போடுகிறேன் என்றாள்; வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், மருமகள்களைப் பற்றிக் கேட்டாள், போன வாரப் பிரசங்கத்தைப் பற்றிக்கூடக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. இன்னும் ஐந்து நிமிஷம். இல்லாத ஒரு பெண்ணுக்காக உருகி ஜெபித்துவிட்டு, இருக்கிற ஒருத்தியை இவனிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்று மெய்ப்புக்காரம்மா எழுந்தார். எல்லாரும் எழுந்தார்கள். இரண்டு பேர் அவள் புருஷனுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் வந்து நின்றார்கள். தையல்காரம்மா போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தார்.

ஜெபம் நாலே வரிதான். பயத்தில் அவளுக்குக் கண்ணை மூட முடியவில்லை. சுற்றிலும் பார்த்தாள். வேறு யாரும் கண்ணை மூடியிருக்கவில்லை. ஒன்பது பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமென் சொன்னதும் அவன் மரியாதையாக வாசலைக் காட்டினான். "ரொம்ப சந்தோஷம். போயிட்டு வாங்க."

ஒருவரும் அசையவில்லை. மெய்ப்புக்காரம்மா அவளிடம் வந்து, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

"சின்னவ யாருன்னு எங்களுக்குத் தெரியும்மா. செருப்பைப் போட்டுக்க."