உள்பக்கம் திறக்கும் கதவு

குளியலறைக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். மாமனார் தள்ளிப் பார்க்கிறார். இரண்டு விரல் அளவு திறந்து மரத்தில் இடித்து நிற்கிறது. உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு, அது திறந்து வரும் இடத்துச் சுவரிலேயே வாஷ்பேசின் பெட்டியைத் திருகி முடுக்கியிருக்கிறார் மாப்பிள்ளை. அளந்தாராம், பெரிய அளவு. ஈர வார்னிஷில் தூசி ஒட்டக் கூடாதென்று ஜன்னலையும் காகிதம் ஒட்டி அடைத்தாயிற்று. "பெட்டியைக் கழட்டுங்க மாப்பிள்ளை, கதவு திறக்கல." உள்ளிருந்து சிரிப்பு. "கடைசிப் பூச்சு மாமா. நான் பொண்ணு பாக்க வந்தப்பவே மாட்டுக்குப் பாக்குற மாதிரி என் பல்லை எண்ணினவராச்சே நீங்க." மகள் தோளில் கைக்குழந்தையைத் தட்டியபடி, "விடுங்கப்பா, அவர் பாத்துப்பாரு" என்கிறாள். மாமனார் விடுவதாயில்லை. இடுக்கில் மூக்கை வைத்தால் நெடியில் கண் எரிகிறது. உள்ளே விளக்கு வெளிச்சம் ஈரப் பலகையில் வழுவழுவென்று கிடக்கிறது. பிரஷ் இழுபடும் சத்தம் வரவர மெதுவாகிறது. "மாப்பிள்ளை, முதல்ல அந்த ஜன்னல் காகிதத்தைக் கிழிங்க." "எந்த ஜன்னல் மாமா?" நாக்கு தடித்த குரல். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றுபோகிறது. உள்ளே டப்பா ஒன்று உருள்கிறது. பிறகு ஏதோ கனமாகக் கதவின்மேல் வந்து சாய, இருந்த இடுக்கும் மெல்ல மூடிக்கொள்கிறது.