பெரிய சட்டை

ஞானதுரையின் ஈரலில் இருந்த புற்றுநோய் போய்விட்டது. ஆனால் அதைத் தின்று தீர்க்க ஆஸ்பத்திரியில் ஏற்றிய செல்கள், வேலை முடிந்த பிறகும் ஓயவில்லை. கெட்டுப்போன ஈரலைத் திரும்ப வளர்த்தன, வளர்த்துக்கொண்டே இருந்தன. வயிறு முட்டும்போதெல்லாம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு துண்டை வெட்டக் கொடுத்துவிட்டு வருவார். நல்ல ஈரலை வீணாக்குவானேன் என்று டாக்டர்கள் அதை ஈரல் கெட்டவர்களுக்கு வைத்தார்கள். தூத்துக்குடி முழுக்க அவருக்கு நல்ல பேர்.

"நாளைக்கு வரச் சொல்லுதாங்க. இந்தத் தடவ ஒரு பொம்பளப் பிள்ளைக்காம்" என்றாள் மனைவி ஜெபக்கனி, அவருடைய சட்டையைப் பிரித்து அகலமாகத் தைத்தபடி.

"நான் என்ன கறிக்கடையா?" என்றார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மத்தியானம் இசக்கிராஜ் வந்தான். முதல் துண்டு அவனுக்குத்தான் போனது. வருஷம் தவறாமல் பழத்தோடு வந்து காலில் விழுவான். இன்று பழத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காருடே."

"குனிய முடியல, அண்ணாச்சி."

அவன் சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் பூட்டாமல் கிடந்தன.

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"மொத உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன். இது எப்ப நிக்கும்?"

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார். "அந்தப் பிள்ளையோட அம்மாட்ட யாராவது சொல்லணுமே" என்றார்.

ஜெபக்கனி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்து முடித்த சட்டையை உதறி இசக்கிராஜிடம் நீட்டினாள்.

"இதப் போட்டுக்க, தம்பி."