பெல்ட்டில் வந்த ஆணி

ஒரகடத்தில், மரக்கழிவைக் காய்ச்சி ஆசிட் எடுக்கும் ஆலை அது. மெட்டல் டிடெக்டர் அலறியதும் பெல்ட் நின்றது. புளியமரத் துண்டு ஒன்றில் பெரிய ஆணி. அதைச் சுற்றி ஒரு கொத்து முடி.

சூப்பர்வைசர் நிர்மல் கட்டிங் பிளேயரை எடுத்தான்.

“வோணாம் சார்!” ஆபரேட்டர் கோமளா நடுங்கினாள். “பேய் புடிச்சவங்க முடிய சுத்தி, ஆணி அட்ச்சி, பேய மரத்துல கட்டிடுவாங்க. புடுங்கினா திரும்பி வந்துடும்.”

“இரும்பு உள்ள போனா மெஷினே போயிடும்மா. பேய் வந்தா ஆசிட்ல கரைச்சிடலாம்.” சிரித்துக்கொண்டே நிர்மல் ஆணியைப் பிடுங்கினான். “யாரு முடியோ, பாவம்!”

கோமளாவின் நடுக்கம் சட்டென்று நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயிலிருந்து கட்டையான ஆண் குரல் வந்தது.

“இவளுதுதான். ரொம்ப தேங்க்ஸ்டா நிர்மலு.”